பன்னிரண்டாவது சுவிட்ச்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதுவும் செய்யாமல், ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அன்று, அந்த மணியில், அனைத்து வாகன அழகுபடுத்துவோர் பேரவையின் நிரந்தரத் தலைவர், தமது வேனின் டேஷ்போர்டில் உள்ள பன்னிரண்டாவது சுவிட்சைத் தமது சொந்த விரலால் அழுத்த இருந்தார். எந்த விரல் என்பதும் அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. வலது கைக் கட்டைவிரல்.

மற்ற பதினொன்றும் லேசுப்பட்டவை அல்ல. வேனைச் செய்து விற்ற கம்பெனி அதில் தேவையானதை எல்லாம் வைத்துத்தான் கொடுத்திருந்தது. தலைவருக்குப் பிடிக்காமல் போனது அதுதான். மூன்றாவது சுவிட்சைத் தட்டினால் தரை ஊதா நிறத்தில் ஒளிரும். ஆறாவது, ஹார்னைப் பாடவைக்கும். கதவுகளின் உட்புறக் கைப்பிடிகள் அழகாக இல்லையென்று கழற்றப்பட்டு, திறப்பதும் பூட்டுவதும் ஏழாவது சுவிட்சின் பொறுப்பானது. பதினொன்றாவது, கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கி. உள்ளே பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். பன்னிரண்டாவதைத் தட்டினால் பின்பக்கக் கண்ணாடியில் ஆளுயரத்துக்குத் தலைவரின் முகம் ஒளிரும். பின்னால் வருகிற வண்டிக்காரன் பிரேக் போடுவதா, வணக்கம் போடுவதா என்று திகைக்கவேண்டும் என்பது திட்டம்.

அந்தப் பன்னிரண்டாவதுதான் எரிய மறுத்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பேரவையின் மேலாளர் இரண்டு கையிலும் இரண்டு போனோடு ரிலேக்காவின் கடை வாசலில் வந்து நின்றார். கடை என்றால், தகரக் கூரை, நான்கு தூண், ஒரு மேசை. ரிலேக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. தொழிலில் யாருக்கும் தெரியாது. ஐம்பது வயது. வண்டிகளுக்கு உபரி விளக்கு, ஹார்ன், ஃபேன் என்று மாட்டிக் கொடுப்பவள். விளக்கை நீட்டுகிறவன் வாயைத் திறக்குமுன் "ரிலே எங்க?" என்று கேட்பாள். ரிலே என்பது சுவிட்சுக்குப் போகும் கரண்டின் பாரத்தைத் தான் தாங்கிக்கொள்ளும் சின்னப் பெட்டி; அதனால் அந்தப் பெயர்.

"அக்கா, ஒரே ஒரு சுவிட்ச். பதினொண்ணு பக்கா. பன்னெண்டாவதுல மட்டும் ஃபியூஸ் நிக்க மாட்டேங்குது."

"எத்தனை ஆம்ப் போட்டீங்க?"

"பத்து போட்டாங்க, போச்சு. பதினஞ்சு, இருபதுன்னு முப்பது வரைக்கும் போயாச்சு. போட்ட உடனே 'டிக்'."

"லோடு என்ன?"

"ஒரு விளக்கு."

"என்ன விளக்கு?"

மேலாளர் தெருவைப் பார்த்தார். "தலைவரோட முகம்."

"அதான் ஃபியூஸுக்கே தாங்கல."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. உத்தியோகம் ஞாபகம் வந்ததும் விழுங்கிக்கொண்டார். "மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்கக்கா. கடைசி ஆளு பைய அங்கயே போட்டுட்டு ஓடிட்டான். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான்."

"எதுக்கு ஓடணும்?"

"ஃபியூஸே வேணாம், டைரக்ட் குடுத்துடறேன்னு உக்காந்தான். யாரோ பக்கத்துலேர்ந்து 'அண்ணே, ஃபியூஸ்'னு சொன்னாங்களாம். வண்டில வேற ஆளே இல்லக்கா. நாந்தான் வெளிய நின்னுட்டிருந்தேன்."

ரிலேக்காவின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் மேசைமேல் இறங்கியது.

"வேன் என்ன கலர்?"

"மெரூன். முன்னாடி வெள்ளையா இருந்துச்சு, இப்ப..."

"தெரியும்," என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த வேன் வெள்ளையாக இருந்தபோது அதை ஓட்டியவன் அவள் தம்பி. ஓட்டியவனும் அவன்தான், ஒரு வருடத்துக்கு முன் அதற்குள் எரிந்து செத்தவனும் அவன்தான். தலைவரின் முகத்துக்குப் போன ஒயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் பழுத்து, உருகி, தீப்பிடித்தது. பூட்டுகளுக்கும் அதே ஒயரிலிருந்துதான் கரண்ட். கதவுகள் திறக்கவில்லை. திறக்கக் கைப்பிடி இல்லை. அழகாக இல்லை அல்லவா?

பேரவையே விசாரணை நடத்தியது. அறிக்கை வந்தது. 'ஓட்டுநர் தன்னிச்சையாகச் செய்த பிழையான மின் இணைப்பு' என்று ஒற்றை வரி. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஃபியூஸ் இல்லை, யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள், வண்டியில் இருந்தவன் ஓட்டுநர், ஆகவே ஓட்டுநர்.

டைரக்ட் கொடுப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் ஃபியூஸ் என்று ஒரு பொடிசு உட்கார்ந்திருக்கும். அளவுக்கு மேல் கரண்ட் வந்தால் அது செத்து, மற்றதைக் காப்பாற்றும். அதற்குச் சம்பளமும் இல்லை, பாராட்டும் இல்லை. அது அடிக்கடி செத்தால் ஏன் சாகிறது என்று பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், அதைப் பிடுங்கிவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவார்கள். அதுதான் டைரக்ட். தலைவருக்கு மிகவும் பிடித்த சொல். "நான் டைரக்ட். எனக்கும் மக்களுக்கும் நடுவுல யாரும் கிடையாது" என்று மேடைக்கு மேடை சொல்வார், நடுவில் ஏழு செயலாளர்கள் நிற்க.

அந்த அறிக்கைக்குப் பிறகு கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சு. ரிலேக்கா தம்பியே டைரக்ட் குடுத்தானாம், தெரியுமா? ஊருக்கெல்லாம் ரிலே ரிலேன்னு உயிரை வாங்குவா, வீட்டுல சொல்லித் தரல பாரு. அதையாவது தாங்கிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி காரியம் முடிந்த கையோடு சொன்னாள்: "அண்ணி, உங்களைப் பாத்து ஒயரைத் தொட்டாரு. போய்ச் சேந்துட்டாரு. இனிமே எங்க வாசலுக்கு வராதீங்க." அதன் பிறகு பேசவே இல்லை. ஒரு வருடமாக ரிலேக்காவின் நெஞ்சுக்குள் ஒரே கேள்விதான் கனன்றுகொண்டிருந்தது. அவன் செய்தானா? செய்திருக்கவே மாட்டான் என்று பகலெல்லாம் நூறு பேரிடம் சண்டை போடுவாள். தனியாக இருக்கும்போது, செய்திருப்பானோ என்று அவனிடமே சண்டை போடுவாள்.

"வரேன்," என்றாள் மேலாளரிடம். யாருடைய அக்கா என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

பேரவைக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடம் தரைக்கு இரண்டு தளம் கீழே இருந்தது. பேய் பிசாசு என்றால் இருட்டியபின் வேலைக்கு வந்து, விடியுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதற்கெல்லாம் ஷிஃப்ட் கிடையாது. மேலே பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே வெயில் என்றால் என்னவென்று கேட்கும் இருட்டு. மூன்று குழல்விளக்குகளில் ஒன்று எரிந்தது, ஒன்று எரியலாமா வேண்டாமா என்று யோசித்தது, ஒன்று யோசிப்பதையும் நிறுத்தியிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. வேன் மூலையில் நின்றது, புதுப் பெயிண்ட் பளபளக்க.

மேலாளர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். "எனக்கு மேல வேலை இருக்குக்கா."

"இருக்கும், இருக்கும். போங்க."

கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. புது ரெக்ஸின் வாசனை, மல்லிகை ஸ்ப்ரே. அதற்கெல்லாம் அடியில், துடைத்தாலும் போகாத இன்னொன்று: இன்சுலேஷன் கருகின வாசனை. அதற்கும் அடியில் இருந்ததை அவள் மோந்து பார்க்க விரும்பவில்லை.

கதவு அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தன் கருவிப் பையை நடுவில் செருகினாள். முதல் வேலையாக பானெட்டைத் திறந்து, பத்து நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்தாள். இனி வண்டியில் ஒரு சொட்டுக் கரண்ட் கிடையாது. டிரைவர் சீட்டில் உட்காராமல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சுவிட்சுப் பலகையை நெம்பி எடுத்தாள்.

பழுதுபார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் பழுதுபார்த்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால், உள்ளே, போன வருடத்துக் கரி அப்படியே இருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை விட்டுத் துழாவினாள். பழைய ஃபியூஸ் மாட்டும் கூடு பாதி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பித்தளைக் கட்டி. ஏதோ தகட்டைச் சொருகியிருக்கிறார்கள். உருகிவிட்டது, என்னவென்று சொல்லமுடியவில்லை.

கூடு அவனுடையது. ஓரத்தில் சிவப்பு டேப்பால் இரண்டு சுற்று, அவன் வழக்கம். அப்படியானால் அவன் ஃபியூஸ் போட்டிருக்கிறான். பிறகு யாரோ தகடு சொருகியிருக்கிறார்கள். அந்த யாரோவும் அவன்தானா?

டார்ச்சை அணைத்தாள்.

இருட்டில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் இருந்தது.

பன்னிரண்டாவது சுவிட்சுக்குள் இருக்கும் கடுகு விளக்கு. எரிந்துகொண்டிருந்தது.

ரிலேக்கா பயப்படவில்லை, முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்த மாதிரி வண்டிகளில் பாட்டுப் பெட்டிக்கென்று இரண்டாவது பேட்டரியை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். குனிந்து பார்த்தாள். இருந்தது. அதையும் கழற்றி வெளியே தூக்கி வைத்தாள்.

எரிந்தது.

சுவிட்சின் மூன்று காலிலிருந்தும் ஒயரைப் பிடுங்கினாள்.

எரிந்தது.

பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். குழாய் சொட்டுவது நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது?

பையிலிருந்து டெஸ்ட் லேம்பை எடுத்தாள். ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் ஊசி, ஊசியின் கைப்பிடிக்குள் ஒரு பல்பு. முப்பது வருடமாக அவளிடம் பொய் சொல்லாத ஒரே ஜீவன் அது. கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டி, ஊசியைச் சுவிட்சின் கால்களில் வைத்தாள். பல்பு எரியவில்லை. கரண்ட் இல்லை. சரி. கையைப் பின்னால் இழுத்தபோது ஊசி டிரைவர் சீட்டைக் கடந்தது.

பல்பு எரிந்தது.

பஞ்சுக்கும் ரெக்ஸினுக்கும் கரண்ட் ஓடாது. அவள் ஊசியைச் சீட்டில் வைத்தாள். மங்கலாக எரிந்தது. சாயும் இடத்துக்குக் கொண்டுபோனாள். கூடியது. அங்கேயிருந்து ஊசியை முன்னால் நகர்த்தினாள், எதையும் தொடாமல், வெறும் காற்றில், ஒரு ஆள் உட்கார்ந்தால் நெஞ்சு இருக்கும் உயரத்தில்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

அந்த இடத்தில் காற்று சூடாக இருந்தது.

"நீயாடா?" என்றாள்.

சீட்டின் ஸ்பிரிங் மட்டும், பாரம் மாற்றி உட்கார்ந்தாற்போல், லேசாக முனகியது.

"சொல்லுடா. தகட்டைச் சொருகினது நீயா? பொண்டாட்டி புள்ளைய நினைக்காம, என்னை நினைக்காம, அவன் மூஞ்சி எரியணும்னு நீயா சொருகினே?"

பல்பு அணைந்தது.

அவ்வளவுதான். ஆமாம் என்று அணைந்ததா, இல்லை என்று அணைந்ததா, கேட்டதே பிடிக்காமல் அணைந்ததா? செத்தவர்களும் விசாரணை அறிக்கை மாதிரியே பேசினால் மனிதர் என்ன செய்வது.

இரண்டரை மணிக்குத் தலைவர் இறங்கி வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய செண்ட் வந்தது. அதற்கு முன்னால் மேலாளர் வந்தார். தலைவர் சட்டைப்பையின் மேல், பேரவைச் சின்னம் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று ஊசியால் குத்தப்பட்டிருந்தது. உறுப்பினர் எல்லோருக்கும் அதில் ஒன்று கொடுத்திருந்தார், அவருடையது மட்டும் இரண்டு மடங்கு பெரிது.

"ஏம்மா, முடிஞ்சுதா? நாலு மணிக்கு ரிப்பன். எண்ணூறு பேர் வராங்க." எண்ணூறு நாற்காலிக்குச் சொல்லியிருந்தார்; அதைத்தான் எண்ணூறு பேர் என்றார்.

"ஃபியூஸ் ஏன் போவுதுன்னு பாக்கணும் சார். கூட ரெண்டு நாள் ஆகும்."

"ஃபியூஸை எவன் கேட்டான்? டைரக்ட் குடு. பேட்டரி இங்க, விளக்கு அங்க. நடுவுல எதுக்கு ஒரு புரோக்கர்?"

"போன தடவை அப்படிக் குடுத்துத்தான் சார் ஒரு ஆள் செத்தான்."

"அது டிரைவர் பய பண்ண வேலை. அரைகுறை. ஒழுங்கா வண்டி ஓட்டுனு சொன்னா ஒயர்ல கைய வைப்பான். அவனால எனக்கு இந்தத் திறப்பு விழா ஒரு வருஷம் லேட்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சீட்டையே மாத்தவேண்டியதாப் போச்சு தெரியுமா?"

மேலாளர் தரையைப் பார்த்தார். ரிலேக்கா வாயைத் திறந்திருந்தால் கையிலிருந்த ஸ்பேனரும் சேர்ந்து பேசியிருக்கும்.

"டைரக்ட் குடுத்துடறேன் சார்," என்றாள்.

"அப்படிச் சொல்லு."

அவர்களின் காலடி மேலே ஏறி மறைந்தது. அவள் வேனுக்குள் உட்கார்ந்தாள். இவனுக்கு டைரக்ட் வேண்டுமாம். கொடுப்போம். நாலு மணிக்கு உள்ளே உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தட்டும். கதவு பூட்டட்டும். ஒயர் பழுக்கட்டும். கைப்பிடி இல்லாத கதவைத் தடவித் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் அதற்கும் ஒரு அறிக்கை எழுதட்டும்.

இரண்டு பேட்டரிகளையும் திரும்ப மாட்டினாள். விளக்கின் ஒயரை உரித்தாள். பேட்டரியிலிருந்து வரும் ஒயரை உரித்தாள். தாமிர இழைகள் இரண்டும் பக்கம் பக்கமாக வந்தன. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, நடுவில் எதுவும் வைக்காமல், முறுக்கத் தொடங்கினாள்.

வாசனை வந்தது. கரி வாசனை. இப்போது அடியிலிருந்து அல்ல, பக்கத்திலிருந்து.

சீட் முனகியது.

ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பிடித்துவிட்ட மாதிரி சூடு. ஆனால் அழுத்தவில்லை. மெதுவாக, தயங்கித் தயங்கி, மரியாதை குறையாமல் பிடித்தது.

காதோரம், மிக அருகில், தொண்டை கருகினவன் பேசுகிற மாதிரி:

"அக்கா... ஃபியூஸ்."

ரிலேக்கா அசையவில்லை. குழல்விளக்கு ஒருமுறை யோசித்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாமிரத்தில் சொட்டியது. அழுததற்காக அவள் தன்னை மன்னிக்கவில்லை.

ஆக, அவன் செய்யவில்லை. செய்தவன் இப்படிப் பிடிக்கமாட்டான். ஒரு வருடமாக இங்கேயே உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போடும் ஃபியூஸை எல்லாம் அடித்து அடித்து, டைரக்ட் கொடுக்க வந்தவனையும் விரட்டிக்கொண்டிருக்கிறான்.

"செத்தும் புத்தி வரலையாடா உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "யாருக்காகடா காவல் காக்குறே? அவனுக்காகவா?"

பிடி தளரவில்லை.

அவள் முறுக்கைப் பிரித்தாள். புதுக் கூடு ஒன்றை எடுத்து நடுவில் வைத்து, பத்து ஆம்ப் ஃபியூஸைச் சொருகினாள். மணிக்கட்டு விடுபட்டது. நான்கு விரல் தடம் சிவப்பாக எழும்பியிருந்தது. சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். பின்கண்ணாடியில் தலைவர் மூஞ்சி எரிந்தது. ஃபியூஸ் நின்றது.

நான்கு மணிக்கு வேன் கட்டடத்தின் முன்னால் நிறுத்தப்பட்டது. நாற்காலிகளில் நூறு பேரும் எழுநூறு காலி இடமும் உட்கார்ந்திருந்தன. சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டினார். தலைவர் இருபது நிமிடம் பேசினார். தமக்கு விளம்பரம் பிடிக்காது என்பதை விளக்க அத்தனை நேரம் தேவைப்பட்டது. பிறகு ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, அழுத்தினார்.

டிக்.

முகம் எரியவில்லை. மறுபடி அழுத்தினார். கூட்டத்தில் யாரோ "தலைவருக்கே பவர் இல்லையாம்" என்றான். சிரிப்பு முன்வரிசைவரை வந்துவிட்டது.

ரிலேக்கா மேடையோரம் நின்றிருந்தாள். கண்ணாடி வழியே பார்த்தாள். தலைவர் குனிந்து, பலகையை நெம்பினார். எங்கே நெம்பவேண்டும் என்று தேடவில்லை. ஃபியூஸைப் பிடுங்கி எறிந்தார். சட்டையிலிருந்து பித்தளைத் தகட்டைக் கழற்றினார், ஊசியை ஒடித்தார், தகட்டைப் பல்லால் கடித்து நீளவாக்கில் மடித்தார்.

முதல் தடவை செய்கிறவனின் விரல்கள் அல்ல அவை.

"சொருகாதீங்க!" என்று கத்தினாள். ஏன் கத்தினாள் என்று அவளுக்கே கோபம். "சார், வேணாம்!"

சொருகினார்.

முகம் எரிந்தது. கூட்டம் கைதட்டியது. அடுத்த நொடியில் ஊதா வெளிச்சம், ஃபேன், பாடும் ஹார்ன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, யாரும் தொடாமல் விழித்துக்கொண்டன. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து மறுபடி கைதட்டினார்கள். நான்கு கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. டேஷ்போர்டின் இடுக்கிலிருந்து, நூல் பிரிந்த மாதிரி, ஒரு புகை எழும்பியது.

தலைவர் கதவைத் தடவினார். கைப்பிடி இல்லை.

பதினொன்றாவது சுவிட்ச் விழுந்தது. கூரை ஒலிபெருக்கி கரகரத்தது.

"திற! மேனேஜர்! எவன்டா பூட்டினது?" தெருக்கோடிவரை கேட்டது.

ரிலேக்கா வேனை நோக்கிப் போனாள். ஓடினாளா, நடந்தாளா என்று பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நடந்தாள். பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரை வைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சீட்டுக்கடியில் போட்ட இரண்டாவது பேட்டரியும் இதே கேபிள் வழியாகத்தான் எர்த்துக்கு வரும். சற்றுமுன் அவளே அப்படித்தான் மாட்டியிருந்தாள். இதோடு எல்லாம் அடங்கவேண்டும்.

புகை நின்றது. விளக்குகள் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தன.

ஒலிபெருக்கி நிற்கவில்லை.

அவள் கையில் கேபிள் இருந்தது. வேன் பேசிக்கொண்டிருந்தது.

"யாரு... நீ..." என்றது தலைவரின் குரல், பாதி அளவுக்குச் சுருங்கி. அவர் பக்கத்து சீட்டைப் பார்த்துப் பேசவில்லை. தம் மடியைப் பார்த்துப் பேசினார். தாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைத் தாமதமாகக் கவனித்தவர் மாதிரி.

பிறகு இன்னொரு குரல், தீய்ந்து, மிகவும் மரியாதையாக.

"யாரு சார் சொருகினது?"

நூறு பேரும் எழுநூறு காலி நாற்காலியும் மூச்சு விடவில்லை.

"விடு... சூடா இருக்கு, விட்டுடு..."

"போன வருஷம். யாரு சார்?"

"நான்! நான்தான்! நீ மாட்டேன்னே, நான்தான்டா சொருகினேன்! கதவைத் திறடா, தம்பி, திறடா..."

கதவுகள் திறந்துகொண்டன.

தலைவர் வெளியே விழுந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே கால்சட்டையின் பின்புறம் முழுக்க, யாரோ மடியில் உட்காரவைத்துக்கொண்ட அளவுக்கு, பொசுங்கியிருந்தது. ரிலேக்கா கேபிளைக் கீழே போட்டாள். "கேட்டீங்களாடா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "காது இருக்கா? கேட்டீங்களா?"

கேட்டார்கள். எல்லோருமே கேட்டார்கள். மறுநாள் பேரவையின் அவசரக் கூட்டம் கூடி, ஒலிபெருக்கி சுவிட்சின் எர்த் கோளாறு காரணமாக, தலைவர் சொல்லாத சொற்கள் தலைவரின் குரலில் ஒலித்துவிட்டதற்கு ஒருமனதாக வருத்தம் தெரிவித்தது. விசாரணை அறிக்கையில் 'பிழையான' என்ற சொல்லுக்குப் பதில் 'சற்றே பிழையான' என்று திருத்தம் செய்தார்கள். அந்த மேலாளர் மட்டும் இரண்டு போனையும் மேசைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெண்டாட்டி கடைக்கு வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழும்போது, ரிலேக்காவின் மணிக்கட்டில் இருந்த தடத்தின் மேல் தன் விரல்களை வைத்து அளந்து பார்த்தாள். "அவரு கைதான் அண்ணி," என்றாள். போய்விட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒருவர் புதுக் காரோடு வந்தார். கூரைக்கு நீள விளக்கு மாட்டவேண்டும், சாவியில்லாமலே எரியவேண்டும், அவசரம்.

"ஃபியூஸ் கியூஸ் எல்லாம் வேணாம்மா. டைரக்டாக் குடுத்துடுங்க."

"ஃபியூஸ்," என்றது ஒரு குரல்.

வந்தவர் திரும்பிப் பார்த்தார். தகரக் கூரை, நான்கு தூண், ஒரு மேசை. அவருடைய காருக்குள்தான் கேட்டது. காரில் யாரும் இல்லை. டிரைவர் சீட் மட்டும் லேசாக அமுங்கியிருந்தது.

"யாரும்மா அது?"

"எத்தனை ஆம்ப் சார் உங்க விளக்கு?" என்றாள் ரிலேக்கா.

அவர் காரை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய் டைரக்டாகவே கொடுத்துக்கொண்டார்.